ரோமை மீறிய பேராயர்: லெஃபெவ்ர் விவகாரம் உண்மையில் எதைப் பற்றியது?

2024 அக்டோபரில் ஆயர் பெர்னார் திசியே த மல்லரே இறந்தார். 2025 ஜனவரியில் ஆயர் ரிச்சர்ட் வில்லியம்சன் இறந்தார். 1988இல் பிரெஞ்சுப் பேராயர் மார்சேல் லெஃபெவ்ர், போப்பின் அனுமதி இல்லாமல் ஆயர்களாக்கிய நால்வரில் இருவர் இவர்கள். 2025 தொடக்கத்தில் உயிரோடு எஞ்சியவர்கள் இருவர்தான். அவர்களுக்குப் பிறகு, லெஃபெவ்ர் தொடங்கிய புனித பத்தாம் பத்திநாதர் சபை என்ற இந்த இயக்கத்துக்கு யார் குருப்பட்டம் கொடுப்பார்கள் என்ற கேள்வி வந்ததும், 1991இலேயே மறைந்துவிட்ட லெஃபெவ்ரின் பெயர் மறுபடி அடிபடத் தொடங்கியது.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. 1988இல் சபைவிலக்கு, அதாவது திருச்சபையின் உறவிலிருந்து விலக்கிவைக்கும் தண்டனை என்கிறார்கள். 2009இல் அது நீக்கப்பட்டது என்கிறார்கள். 2015 முதல் இந்தக் குருக்களிடம் பாவசங்கீர்த்தனம் (பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யலாம் என்று போப் பிரான்சிஸே சொன்னார். ஆனாலும் இவர்களுக்குத் திருச்சபையில் சட்ட அந்தஸ்து இல்லையாம். அப்படியானால் இவர்கள் கத்தோலிக்கரா, இல்லையா?

“லத்தீன் பூசைக்காகச் சண்டை போட்டவர்” என்ற வழக்கமான ஒருவரி அறிமுகம் இதற்குப் பதில் சொல்லாது. லத்தீன், வெளியே தெரிந்த அடையாளம் மட்டுமே. சண்டையின் வேர் சமயச் சுதந்திரம் பற்றிய ஓர் ஆவணத்தில் இருக்கிறது. அந்தச் சண்டையை ரோம் அலட்சியம் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம், ஆயர் ஒருவருக்கு மட்டுமே உள்ள ஓர் அதிகாரம்.

முதலில் சட்டம்

வாழ்க்கை வரலாற்றுக்குப் போகுமுன் ஐந்து செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாத் தீர்ப்புகளும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. கத்தோலிக்க நம்பிக்கைப்படி ஆயர்கள் அப்போஸ்தலர்களின் வழிவந்தவர்கள். ஓர் ஆயர் இன்னொருவரின் தலைமேல் கைவைத்துத் திருநிலைப்படுத்தினால்தான் அந்த வரிசை தொடரும். குருக்களைத் திருநிலைப்படுத்தவும் ஆயர் தேவை. ஆகவே ஆயர் இல்லாத எதிர்ப்பு இயக்கம் ஒரு தலைமுறையில் அடங்கிவிடும். ஆயர் இருந்தால் அதற்குக் கெடு கிடையாது.

2. ஒரு சடங்கு ‘செல்லும்’ என்பது வேறு, அது ‘சட்டப்படியானது’ என்பது வேறு. உரிமம் பறிக்கப்பட்ட ஓட்டுநர் பேருந்தை எடுத்தாலும் பேருந்து ஓடும். அவர்மேல் வழக்கும் வரும். அதுபோல, தடை செய்யப்பட்ட ஆயர் ஒருவர் முறையான சடங்கின்படி குருப்பட்டம் கொடுத்தால், பட்டம் பெற்றவர் உண்மையான குருவாகிவிடுகிறார். ஆனால் செயல்படும் உரிமை அவருக்கு இல்லை.

3. இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. பாவசங்கீர்த்தனம் கேட்கவும் திருமணத்தை நடத்திவைக்கவும் குருப்பட்டம் மட்டும் போதாது. உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த மன்னிப்பும் திருமணமும் பொதுவாகச் செல்லவே செல்லா.

4. போப்பின் ஆணை இல்லாமல் ஆயரைத் திருநிலைப்படுத்துவதற்கு 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் பணித்தடைதான் தண்டனை. சீனாவில் கம்யூனிஸ்ட் அரசு தனக்கு இசைவான ஆயர்களை உருவாக்கிவிடும் என்ற அச்சத்தில், 1951இல் ரோம் அதைச் சபைவிலக்காகக் கடுமையாக்கியது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது 1382ஆம் விதி. 2021 திருத்தத்துக்குப் பின் 1387ஆம் விதி. பட்டம் கொடுத்தவர், பெற்றவர் இருவர் மேலும் தண்டனை தானாகவே விழும். தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை.

5. நம்பிக்கைக் கோட்பாட்டை மறுப்பது தப்பறை. போப்புக்குப் பணிய மறுப்பது பிளவு. லெஃபெவ்ர் மேல் ரோம் சுமத்திய குற்றம் பிளவு. அவரைத் தப்பறையாளர் என்று அது அறிவிக்கவில்லை.

டக்கார் வரை: ரோமின் நம்பிக்கைக்கு உரியவர்

லெஃபெவ்ர் 1905 நவம்பர் 29 அன்று வடபிரான்சின் தூர்குவான் நகரில் பிறந்தார். தந்தை நெசவாலை முதலாளி, பக்தியிலும் முடியாட்சிப் பற்றிலும் ஊறியவர். நாஜிகளுக்கு எதிரான உளவு வேலைக்காகக் கைதாகி, 1944இல் சோனன்பர்க் சிறைமுகாமில் இறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஐவர் துறவறம் போனார்கள். பிற்காலத்தில் மகனைச் சூழ்ந்த தீவிர வலதுசாரிக் கூட்டத்தைப் பார்ப்பவர்கள் இந்தத் தகப்பனையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரோமில் இருந்த பிரெஞ்சுக் குருமடம் அவருடைய சிந்தனையை வார்த்த இடம். அதன் அதிபர் ஹென்றி ல ஃப்ளோக், தாராளவாதத்தை எதிர்ப்பதையே பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர். ‘ஆக்ஷன் ஃபிரான்சேஸ்’ என்ற முடியாட்சி இயக்கத்தை 1926இல் போப் பதினோராம் பத்திநாதர் கண்டித்தபோது, அதன்மேல் அனுதாபம் காட்டியவர் என்ற பெயரில் ல ஃப்ளோக் மறு ஆண்டே பதவியை இழந்தார். நல்ல ஆசானைத் தாராளவாதிகள் வீழ்த்திவிட்டார்கள் என்ற எண்ணம் மாணவரிடம் கடைசிவரை இருந்தது.

1929இல் குருவானார். தூய ஆவி சபை என்ற மறைபரப்புத் துறவுச் சபையில் சேர்ந்து 1932இல் ஆப்பிரிக்காவின் காபோன் போனார். லீபர்வீல் குருமடத்தில் கற்பித்தார். காட்டுக்குள் மறைபரப்பு மையங்களை நடத்தினார். 1947இல் ஆயராகி, செனெகலின் டக்காருக்குப் பொறுப்பேற்றார். மறு ஆண்டே பிரெஞ்சு ஆப்பிரிக்கா முழுமைக்கும் போப்பின் பிரதிநிதி. மொராக்கோ முதல் மடகாஸ்கர் வரை யார் ஆயராக வேண்டும் என்று பரிந்துரைக்கும் இடத்தில் பல ஆண்டுகள் இருந்தார். 1955இல் டக்காரின் முதல் பேராயரானார்.

ஆக, ஓரத்தில் கிடந்து குமுறிய பாதிரியாரின் கதையல்ல இது. நிர்வாகத் திறமைக்காகப் பன்னிரண்டாம் பத்திநாதர் தேடிப்பிடித்து உயர்த்திய மனிதர் இவர். ஆப்பிரிக்கர்களைக் குருக்களாக்குவதில் முனைப்பாக இருந்தார். அவர் கையால் குருவான செனெகல்காரர் இயாசிந்த் தியாந்தூம்தான் 1962இல் அவருக்குப்பின் டக்கார் பேராயரானார்; பின்னர் கர்தினாலாகி, தம் பழைய தலைவருக்காக ரோமிடம் பரிந்தும் பேசினார். அதேசமயம் காலனிய ஆட்சி அவசரமாக விலகுவதை லெஃபெவ்ர் விரும்பவில்லை. விடுதலை பெற்ற செனெகலில் ஆப்பிரிக்கரே பேராயராக இருக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது பிரான்சுக்குத் திரும்பி, சில மாதங்கள் துல் என்ற சிறிய மறைமாவட்டத்தை நடத்தினார். 1962 ஜூலையில் தூய ஆவி சபையினர் அவரைத் தங்கள் உலகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சங்கம்: முறிவு தொடங்கிய இடம்

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், உலகின் கத்தோலிக்க ஆயர்கள் எல்லாரும் கூடி, நவீன உலகத்தோடு திருச்சபையின் உறவை மறுபரிசீலனை செய்த மாநாடு. அதன் மத்தியத் தயாரிப்புக் குழுவிலேயே லெஃபெவ்ர் உறுப்பினர். அங்கேயே மோதல் வெடித்தது. கர்தினால் ஒத்தவியானியின் வரைவு, கத்தோலிக்க அரசு பிற சமயங்களைப் ‘பொறுத்துக்கொள்ளலாம்’ என்றது. கர்தினால் பெயாவின் வரைவு, சமயச் சுதந்திரம் மனிதனின் ‘உரிமை’ என்றது. லெஃபெவ்ர் முதல் அணி. சங்கம் கூடியபின், ஒத்த கருத்துள்ள ஆயர்களைச் சேர்த்து ஒரு குழுவை முன்னின்று நடத்தினார். பிரேசிலின் கம்போஸ் ஆயர் அந்தோனியோ த காஸ்த்ரோ மாயர் அதில் ஒருவர். 1988இல் இவர் மறுபடி வருவார்.

சங்கத்தின் போக்கைப் பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்களோடு பொருத்திக் காட்டுவது லெஃபெவ்ரின் வழக்கம்:

1. சுதந்திரம் – சமயச் சுதந்திரம் என்ற பெயரில் உண்மைக்கும் பொய்க்கும் அரசு சம உரிமை தருகிறது.
2. சமத்துவம் – ஆயர்களின் கூட்டுப்பொறுப்பு என்ற பெயரில் போப்பின் தனி அதிகாரம் கரைகிறது.
3. சகோதரத்துவம் – கிறிஸ்தவ ஒன்றிப்பு, பல்சமய உரையாடல் என்ற பெயரில், கத்தோலிக்கத் திருச்சபையே மீட்பின் வழி என்ற போதனை மங்குகிறது.

இவற்றில் முதலாவதுதான் அடித்தளம். 1864இல் ஒன்பதாம் பத்திநாதர் ‘பிழைகளின் பட்டியல்’ வெளியிட்டு, அரசு எல்லாச் சமயங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்பது போன்ற கருத்துகளைக் கண்டித்திருந்தார். 1965 டிசம்பர் 7 அன்று 2,308 பேர் ஆதரித்து, 70 பேர் எதிர்த்து நிறைவேறிய அறிக்கை, சமய விஷயத்தில் யாரையும் அரசு வற்புறுத்தக்கூடாது என்றது. நூறு ஆண்டுகளுக்கு முன் தவறாக இருந்தது இன்று எப்படிச் சரியாகும் என்று கேட்டார் லெஃபெவ்ர். அவர் எழுப்பிய கேள்விகளில் வலுவானது இதுதான். இறையியலாளர்கள் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று சங்கம் சொல்லவில்லை, அரசு மனச்சாட்சியில் கைவைக்கக்கூடாது என்றுதான் சொன்னது, கொள்கை மாறவில்லை, அதைப் பொருத்தும் சூழல் மாறியது என்பது ரோமின் பதில். கத்தோலிக்கர் சிறுபான்மையாக வாழும் நாடுகளில் இருந்து பார்த்தால் லெஃபெவ்ரின் நிலைப்பாடு வேறு மாதிரித் தெரியும். பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் நமக்குத் தனிச்சலுகை, சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் எல்லாருக்கும் சமஉரிமை என்று கேட்பதுபோல் ஆகிவிடுகிறது அது. அவர் அதிலிருந்து நழுவவும் இல்லை. உண்மைக்குத்தான் உரிமை, பிழைக்குக் கிடையாது என்று நேராகவே சொன்னார்.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவு திறந்த சங்க ஆவணம் 1963 டிசம்பர் 4 அன்று 2,147க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது. அதில் லெஃபெவ்ர் கையெழுத்திட்டார். சமயச் சுதந்திர அறிக்கையில் தாம் கையெழுத்திடவே இல்லை என்று பிற்காலத்தில் சொல்லிவந்தார். சங்கத்தின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. போப் அறிவித்தபின் பணிந்து கையொப்பமிடுவது அந்தத் தலைமுறையின் பழக்கம். பணிவையே வாழ்க்கை முறையாகக் கொண்டவர் என்ன நடந்து மீறினார் என்பதைத்தான் அடுத்த இருபது ஆண்டுகளின் வரலாறு சொல்கிறது.

எக்கோன்: ஒரு குருமடம் பிரச்சினையான கதை

தூய ஆவி சபை தன் விதிகளைச் சங்கத்துக்கு ஏற்ப மாற்ற முற்பட்டதும், 1968இல் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். வயது 62. அதோடு ஓய்வு பெற்றிருந்தால் இன்று அவரை ஆப்பிரிக்கத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் மட்டுமே தேடுவார்கள். ஆனால் தங்கள் குருமடங்களில் நடக்கும் மாற்றங்கள் பிடிக்காத சில மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1969இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரீபூரில் ஒன்பது பேரோடு பயிற்சி தொடங்கியது. 1970 நவம்பர் 1 அன்று அவ்வூர் ஆயர் சாரியேர், புனித பத்தாம் பத்திநாதர் சபைக்கு ஆறாண்டுச் சோதனை முறையில் முறைப்படி ஒப்புதல் தந்தார். நவீனச் சிந்தனைகளை 1907இல் கடுமையாகக் கண்டித்த போப்பின் பெயர் அது, தற்செயலாகத் தேர்ந்ததல்ல. வாலே மாநிலத்தின் எக்கோன் என்ற சிற்றூரில் குருமடம் அமைந்தது.

இதற்குள் போப் ஆறாம் பவுல் 1969இல் புதிய பூசை முறையை வெளியிட்டிருந்தார். லத்தீனிலிருந்து தாய்மொழிக்கு மாறியது மட்டுமல்ல விஷயம். பூசையின் செபங்களே மாற்றி எழுதப்பட்டிருந்தன. புதிய முறை லத்தீனிலும் நடக்கலாம். ஆகவே எக்கோன்காரர்கள் ‘லத்தீன் பூசை’ கேட்டார்கள் என்பது பாதி உண்மை. அவர்கள் கேட்டது 1962 வரையிலான பழைய பூசை நூல். பூசையைப் பலியாகப் பார்ப்பது குறைந்து, விருந்தாகப் பார்ப்பது கூடிவிட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

பிற நாடுகளின் குருமடங்கள் காலியாகிக்கொண்டிருக்க, எக்கோன் நிரம்பியது. 1974 நவம்பரில் ரோம் இரு பெல்ஜியக் குருக்களை ஆய்வுக்கு அனுப்பியது. அவர்கள் அங்கே பேசிய சில கருத்துகள் லெஃபெவ்ரைக் கொதிப்படைய வைத்தன. நவம்பர் 21 அன்று ஓர் அறிக்கை எழுதினார். நித்திய ரோமைப் பற்றிக்கொள்கிறோம், சங்கத்தில் வெளிப்பட்ட புதுமைவாத ரோமை மறுக்கிறோம் என்பது அதன் சாரம். இயக்கத்தின் முழுக் கொள்கையும் இதற்குள் அடங்கிவிடும். ஒரே ரோம் அவர் பார்வையில் இரண்டாகிவிட்டது.

அதன்பின் விழுந்த அடிகள்:

1. 1975 மே 6: ஃபிரீபூரின் புதிய ஆயர் மாமி, சபைக்கு இருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். லெஃபெவ்ர் ரோமின் உயர் தீர்ப்பாயத்தில் முறையிட்டார். வழக்கின் உள்ளடக்கத்துக்குள் போகாமலேயே அது தள்ளப்பட்டது. இது ரோமின் தவறு என்றே நினைக்கிறேன். முறைப்படி கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், ‘எங்களை விசாரிக்காமலே தண்டித்தார்கள்’ என்ற வாதம் இத்தனை ஆண்டு ஓடியிருக்காது.

2. 1976 ஜூன் 29: ரோம் தடுத்தும் எக்கோனில் 13 பேருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஜூலையில் பணித்தடை வந்தது. பூசை வைக்கவும் அருட்சாதனங்கள் வழங்கவும் அவருக்கு உரிமை இல்லை.

3. 1976 ஆகஸ்ட் 29: தடையை மீறி லீல் நகரில் ஆயிரக்கணக்கானோர் முன் பூசை வைத்தார். அந்த மறையுரையில் புதிய பூசையைக் கலப்புப் பிறவி என்று ஏசியதோடு நிற்காமல், அவ்வாண்டு மார்ச்சில்தான் ஆட்சியைப் பிடித்திருந்த அர்ஜென்டினா ராணுவ அரசைப் புகழ்ந்தும் பேசினார்.

கடைசி விஷயத்தை அவருடைய ஆதரவாளர்கள் கடந்துபோக விரும்புவார்கள். ஆனால் அரசு கிறிஸ்துவின் ஆட்சிக்கு உட்பட வேண்டும் என்று நம்பியவருக்கு, எந்த அரசு அதற்கு நெருக்கமாகத் தெரிந்தது என்பது கொள்கையிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடியதல்ல. முஸ்லிம் குடியேறிகளைப் பற்றிப் பேசியதற்காகப் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று அவருக்குக் கடைசிக் காலத்தில் அபராதமும் விதித்தது.

செப்டம்பரில் போப்பின் கோடை இல்லமான கஸ்தல் கந்தோல்ஃபோவில் ஆறாம் பவுலைச் சந்தித்தார். பலன் இல்லை. 1977 பிப்ரவரியில் ஆதரவாளர்கள் பாரிசின் புனித நிக்கோலாஸ் த்யு ஷர்தோனே கோயிலைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். இன்றுவரை அது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், ‘இப்போதைய போப், போப்பே இல்லை’ என்று சொன்னவர்களை அவர் ஏற்கவில்லை. பூசையில் போப்பின் பெயரைச் சொல்ல மறுத்த அமெரிக்கக் குருக்கள் ஒன்பது பேர் 1983இல் சபையைவிட்டுப் போக நேர்ந்தது. வியட்நாமின் ஹுயே நகர முன்னாள் பேராயர் ஙோ தின் துக், 1976இல் ஸ்பெயினின் பல்மார் கிராமத்தில் காட்சி கண்டதாகச் சொன்னவர்களை ஆயர்களாக்கினார். அவர்களில் ஒருவர் பின்னாளில் தம்மையே போப் என்று அறிவித்துக்கொண்டார். சாம்பியாவின் பேராயர் மிலிங்கோ, திருமணமானவர்களை 2006இல் ஆயர்களாக்கினார். லெஃபெவ்ர் இந்த வரிசையில் வருபவரல்ல. போப்பை ஏற்றுக்கொண்டே போப்புக்குக் கீழ்ப்படியாமல் இருக்க முடியும் என்று வாதிட்டவர். அதனால்தான் ரோமுக்கு அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை.

1988: கையெழுத்தும் மறுநாளும்

எண்பதைத் தாண்டியதும் ஒரே கேள்வி அவரை அரித்தது. நான் செத்தால் என் குருமட மாணவர்களுக்கு யார் பட்டம் கொடுப்பது? 1986 அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பால், இத்தாலியின் அசிசியில் எல்லாச் சமயத் தலைவர்களையும் அழைத்துச் சமாதானத்துக்காகச் செபித்தார். லெஃபெவ்ருக்கு அது எல்லை கடந்த செயல். 1987 ஜூன் 29 அன்று, ஆயர்களைத் திருநிலைப்படுத்தப் போவதாக வெளிப்படையாகச் சொன்னார்.

ரோம் பதறியது. கர்தினால் கஞ்ஞோன் ஆய்வுக்கு வந்தார். கர்தினால் ராட்சிங்கர் பேச்சுவார்த்தை நடத்தினார். 1988 மே 5 அன்று லெஃபெவ்ர் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டார். அவர் பெற்றவை குறைவல்ல: சபைக்குச் சட்ட அங்கீகாரம், பழைய பூசை, தகராறுகளைத் தீர்க்க ரோமில் ஒரு குழு, சபையிலிருந்தே ஓர் ஆயர். பதிலுக்கு அவர் கொடுத்தது, சங்கத்தின் கடினமான பகுதிகளை மரபின் வெளிச்சத்தில் படிப்போம், பகையாகப் பேசமாட்டோம் என்ற உறுதி.

அன்றிரவு ரோமுக்கு அருகே அல்பானோவில் இருந்த சபை இல்லத்தில் தங்கினார். காலையில் ராட்சிங்கருக்குக் கடிதம் எழுதினார். ஆயர் திருநிலைப்பாட்டுக்குத் தேதி வேண்டும். ஜூன் 30ஐத் தாண்டினால் ஏமாற்றமாகிவிடும் என்றார். ஆகஸ்ட் 15க்குள் ஆகலாம் என்று மே மாதக் கடைசியில் ரோமிலிருந்து பதில் வந்தது. ஆனால் அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆயர்கள் வேண்டும், ரோமக் குழுவில் தங்கள் ஆட்களுக்குப் பெரும்பான்மை வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். ஜூன் 2 அன்று எல்லாவற்றையும் முறித்துக்கொண்டார்.

வெறும் ஆறு வாரத் தேதி வித்தியாசத்தில் உடைந்தது என்று சொல்வது எளிது. உண்மையில் உடைந்தது நம்பிக்கை. இழுத்தடித்து, கிழவன் செத்ததும் விட்டுவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். சலுகை கொடுக்கக் கொடுக்க அடுத்ததைக் கேட்கிறார் என்று ரோம் நினைத்தது.

ஜூன் 29 அன்று, உடனே ரோமுக்கு வரும்படி ராட்சிங்கரின் தந்தி வந்தது. அவர் போகவில்லை. மறுநாள் எக்கோன் புல்வெளியில் போட்டிருந்த பெரிய கூடாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். லெஃபெவ்ருக்கு வயது 82. துணைநின்ற காஸ்த்ரோ மாயருக்கு 84. ஆயர் திருநிலைப்பாட்டுச் சடங்கின் தொடக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: அப்போஸ்தலிக்க ஆணை உங்களிடம் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லி, போப்பின் ஆணைக் கடிதத்தை வாசிக்க வேண்டும். அன்று ‘இருக்கிறது’ என்றே பதில் வந்தது. வாசிக்கப்பட்டதோ, மரபுக்கு என்றும் உண்மையாக இருக்கும் ரோமத் திருச்சபையிடமிருந்து இந்த ஆணையைப் பெற்றிருக்கிறோம் என்று சபையே எழுதிய ஒரு பத்தி. 1974 அறிக்கையின் ‘இரண்டு ரோம்’ அங்கே சடங்காகவே நிகழ்ந்தது.

திருநிலை பெற்ற நால்வர்: சுவிட்சர்லாந்தின் பெர்னார் ஃபெல்லே (வயது 30), பிரான்சின் திசியே த மல்லரே, இங்கிலாந்தின் வில்லியம்சன், அர்ஜென்டினாவில் வளர்ந்த அல்ஃபோன்சோ த கலரெத்தா.

ஜூலை 1 அன்று சபைவிலக்கு ஆணை வெளியானது. அதில் கையொப்பமிட்ட கர்தினால் பெர்னார்தின் கந்தேன், பெனின் நாட்டுக்காரர்; லெஃபெவ்ர் ஒருகாலத்தில் போப்பின் பிரதிநிதியாக இருந்த அதே பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் உருவானவர்.

லெஃபெவ்ரின் சட்ட வாதம் நிற்குமா?

அவர் தரப்பு சொன்னது ‘அவசர நிலை’. கட்டாயத் தேவையின்பேரில் சட்டத்தை மீறியவருக்குத் தண்டனை இல்லை, அல்லது குறைவு என்று 1323, 1324ஆம் விதிகள் கூறுகின்றன. அப்படி ஒரு தேவை இருப்பதாக ஒருவர் தவறாக நம்பியிருந்தாலும் தண்டனை குறையும். சட்ட நூலை மட்டும் வைத்துப் பார்த்தால் இது வெற்று வாதமல்ல.

ரோமின் எதிர்வாதம் இரண்டு படி. அவசர நிலை இருக்கிறதா என்று முடிவு செய்யும் இறுதி அதிகாரி போப். அவரே இல்லை என்று நேரில் எச்சரித்தபின் அதைக் காரணம் காட்ட முடியாது. அடுத்து, மே 5 உடன்பாட்டில் ஓர் ஆயர் கிடைக்க இருந்தார். வழி அடைபட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது? இந்த இரண்டாவது அடிக்கு லெஃபெவ்ர் தரப்பிடம் திருப்தியான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய சொந்தக் குருக்களிலேயே சிலருக்கும் அப்படித்தான் பட்டது. அதே ஜூலையில் அவர்கள் பிரிந்துபோய், போப்பின் ஒப்புதலோடு புனித பேதுரு சகோதரத்துவ சபையைத் தொடங்கினார்கள். பழைய பூசை, ரோமின் அங்கீகாரம் இரண்டும் அவர்களுக்குக் கிடைத்தன.

மறைவுக்குப் பின்

1991 மார்ச் 25 அன்று, ரோமோடு சமரசம் ஆகாமலே, மார்த்தினி மருத்துவமனையில் இறந்தார். எக்கோனில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பயந்ததுபோல் சபை கலையவில்லை. இன்று 700க்கும் மேற்பட்ட குருக்கள் இருக்கிறார்கள். இலங்கையில் நீர்கொழும்பிலும் தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையிலும் அதன் இல்லங்கள் உண்டு.

ரோம் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பார்த்தது. பதினாறாம் பெனடிக்ட் (அதே ராட்சிங்கர்தான்) 2007இல் பழைய பூசையை எல்லாக் குருக்களுக்கும் திறந்துவிட்டார். 2009 ஜனவரியில் நான்கு ஆயர்களின் சபைவிலக்கையும் நீக்கினார். அந்த நேரத்திலேயே, நாஜிகளின் விஷவாயு அறைகளை மறுத்து வில்லியம்சன் கொடுத்த பேட்டி சுவீடன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. உலகம் கொதித்தது, போப் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. சபை அவரை 2012இல் வெளியேற்றியது. அவர் 2015இல் பிரேசிலில் மறுபடி அனுமதியின்றி ஓர் ஆயரை உருவாக்கி, சபைவிலக்கை மீண்டும் தேடிக்கொண்டார்.

போப் பிரான்சிஸ் இரண்டு கைகளால் எதிரெதிராகச் செய்தார். மேலே சொன்ன இரு விலக்குகளை எடுத்துக்கொண்டு, 2015 டிசம்பரிலிருந்து இச்சபைக் குருக்கள் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்றார். 2017இல் திருமணங்களுக்கும் ஆயர்கள் அனுமதி தரலாம் என்றார். ஆனால் 2021 ஜூலையில் பெனடிக்ட் திறந்த பழைய பூசைக் கதவை மற்றவர்களுக்கு ஏறக்குறைய மூடினார்.

ஆகவே, இவர்கள் யார்?

1. விசுவாசிகள்: பத்தாம் பத்திநாதர் சபைக் கோயிலுக்குப் போவதாலேயே ஒருவர் சபைவிலக்குக்கு உள்ளாவதில்லை.

2. குருக்கள்: குருப்பட்டம் செல்லும். பூசை செல்லும், ஆனால் சட்டப்படியானதல்ல. பாவசங்கீர்த்தனம் 2015இல் இருந்து செல்லும்.

3. சபை: சட்ட அங்கீகாரம் இல்லை. காரணம் ஒழுங்குமீறல் மட்டுமல்ல, கோட்பாடு என்று 2009இல் பெனடிக்ட் தெளிவாக எழுதினார். சங்கத்தை ஏற்கும்வரை அங்கீகாரம் இல்லை.

4. லெஃபெவ்ர்: 2009இல் நீக்கம் பெற்றது நால்வர் மட்டுமே. லெஃபெவ்ரும் காஸ்த்ரோ மாயரும் அதற்கு வெகு முன்னரே இறந்துவிட்டதால் அந்த ஆணையில் அவர்கள் பெயர் இல்லை.

அனுமதியின்றி இன்னொரு திருநிலைப்பாடு நடந்தால் 1387ஆம் விதி தானாகவே வேலை செய்யும். 2009 கட்டடம் முழுவதும் சரியும். போப் ஆணை கொடுத்தால், சங்கத்தை ஏற்காதவர்களுக்கு ஆயரைக் கொடுத்ததாகிவிடும். நடுவழி ஒன்றுக்கு முன்மாதிரி உண்டு. காஸ்த்ரோ மாயரின் கம்போஸ் குருக்களுக்கு, 1991இல் இச்சபையின் ஆயர்கள் அனுமதியின்றி லிசீனியோ ராங்கெல் என்பவரை ஆயராக்கிக் கொடுத்தார்கள். 2002 ஜனவரியில் அந்தக் குழு முழுவதும் ரோமோடு சேர்ந்தது. பழைய பூசையோடு தனி நிர்வாகம் கிடைத்தது. அதே ஆண்டில் ராங்கெலுக்கு அடுத்தவராக பெர்னாந்தோ ரிஃபான், போப்பின் ஆணையோடு ஆயரானார். 1988 மே 5 அன்று லெஃபெவ்ர் கையெழுத்திட்டு மறுநாளே விலகிய உடன்பாட்டுக்குப் பெரும்பாலும் நெருக்கமான ஏற்பாடு அது. பத்தாம் பத்திநாதர் சபை அதைத் தன் வழியாக ஏற்கவில்லை.